சிறுமொழியை எந்திரத்திடம் கொடுக்கும் முன்: பழங்குடி மொழிப் பதிவில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இருளர் மொழியில் ஒருவர் தேனெடுப்பைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவை, தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றிடம் கொடுத்தால், அது திணறுவதில்லை; தெரியாது என்று சொல்வதுமில்லை. சில நொடிகளில் சரளமாக வாசிக்கத் தக்க தமிழ் வாக்கியங்களை அடுக்கி வைத்துவிடும். அவற்றுள் சில, பேசியவர் சொல்லாதவை. மற்றவற்றில் இருளச் சொற்கள் தமக்கு மிக அருகில் இருந்த தமிழ்ச் சொற்களாக மாறிப் போயிருக்கும். அந்த மொழியை அறியாத ஒருவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வேலை முடிந்துவிட்டது என்றே எண்ணுவார். நீலகிரியிலும் அதன் சரிவுகளிலும் பேசப்படும் சிறுமொழிகளைப் பதிவுசெய்ய ஆர்வத்தோடு வரும் தமிழர்கள் முதலில் விழும் பள்ளம் இதுதான். கீழே சொல்லப்படும் படிகளில் பெரும்பாலானவை இந்தப் பள்ளத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் பேசுபவை தமிழின் கொச்சை வழக்குகள் என்ற எண்ணம் சமவெளியில் பரவலாக உண்டு; அதை மலையேறும் முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும். தோடர் மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ 1,500 பேர். கோத்தர் மொழியைப் பேசுவோர் அதைவிடவும் குறைவு. ஆனால் ஒலி வளத்தில் தோடர் மொழி நம்முடையதைவிடச் செறிவானது. வாயின் மூன்று வேறு இடங்களில் பிறக்கும் மூன்று ரகர உருட்டொலிகளை அது பொருள் வேறுபடுத்தப் பயன்படுத்துகிறது; குரல் நாண் அதிராமல் உரசி எழும் லகர, ளகர வகைகளும் அதில் உண்டு. தமிழ் எழுத்திலோ தமிழ் கேட்டுப் பழகிய எந்திரத்திலோ இவற்றுக்கு இடமில்லை.

முதல் படி: யாருடைய குரல், யாருடைய அனுமதி

ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுப்பதற்கு முன் ஒருமுறையாவது வெறுங்கையோடு ஊருக்குச் செல்லுங்கள். இந்த வேலை யாருக்கு வேண்டும், அதன் பலன் யாரிடம் போய்ச் சேர வேண்டும், எதைப் பதிவுசெய்யக் கூடாது என்பவற்றை ஊர்ப் பெரியவர்களும், குறிப்பாகப் பெண்களும், படித்த இளைஞர்களும் சேர்ந்து பேசி முடிவெடுக்கட்டும். எருமைப் பாலைப் பதப்படுத்தும் இடமே கோயிலாகவும் விளங்கும் தோடர்களின் பால்மடக் கோயில் சடங்குகளில், யார் எதைச் செய்யலாம், எங்கே நிற்கலாம் என்பதற்குக் கறாரான வரையறைகள் உண்டு. ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது எல்லாருக்கும் சொல்லப்பட்டதாகிவிடாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும், குடும்பத்துக்குள் மட்டும், ஊருக்குள் மட்டும், வெளியாரும் கேட்கலாம் என்று குறைந்தது மூன்று நிலைகளை வகுத்துக்கொண்டு, நான்காவதாக ஒரு கேள்வியைத் தனியே கேளுங்கள்: இதைக் கொண்டு எந்திரத்தைப் பழக்கலாமா? வெளியார் கேட்பதற்குச் சம்மதித்தவர், எந்திரத்தைப் பழக்குவதற்கும் சம்மதித்துவிட்டதாகப் பொருளில்லை. பதில்களை அவரவர் மொழியிலேயே, அவரவர் குரலிலேயே பதிவுசெய்வது, புரியாத படிவத்தில் கைநாட்டு வாங்குவதைவிட நேர்மையானது.

மூலிகை, மருத்துவம் பற்றிய பேச்சு வந்தால் இரட்டை எச்சரிக்கை தேவை. அகத்தியமலைப் பகுதியின் காணி மக்கள் சிலர் 1987-இல் தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டிச் சென்றபோது, களைப்பு நீங்கத் தாங்கள் மென்று தின்ற ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் கனியைக் காட்டினார்கள். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் தரப்பட்டது. அந்த உரிமத்தால் கிடைக்கும் வருவாயில் பாதி காணி மக்களுக்கு என்ற ஏற்பாடும், அதற்கென ஓர் அறக்கட்டளையும் பின்னர் அமைந்தன. பலன் பகிர்வுக்கு நல்ல முன்னுதாரணம் என்று இது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அச்சமூகத்திலேயே மருத்துவம் அறிந்த சிலர், அந்த அறிவு வெளியே சென்றதை எதிர்த்தார்கள். வழிகாட்டியாக வந்த இருவர் மூவரின் சம்மதம் ஒரு சமூகம் முழுவதன் சம்மதமாகுமா என்ற அந்தப் பழைய கேள்வி, ஒரே ஒலிப்பதிவிலிருந்து ஆயிரம் படிகளும் ஒரு பேசும் எந்திரமும் உருவாகக் கூடிய இக்காலத்தில் இன்னும் கூர்மையாகிறது. பல்லுயிர் வளம், பண்பாட்டுப் பன்மை ஆகியவை சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்கிறது; உரையாடும்போது இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நியூசிலாந்தின் வடகோடியில் உள்ள தே ஹிக்கு மீடியா என்ற மாவோரி வானொலி நிறுவனத்தின் அனுபவம் இங்கே பயன்படும். 2018-இல் அவர்கள் மக்களிடம் வாக்கியங்களை வாசித்துத் தரும்படி போட்டி வைத்துக் கேட்டபோது, பத்தே நாளில் சுமார் 2,500 பேர் 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சைத் தந்தார்கள். அதைக்கொண்டு மாவோரிப் பேச்சை எழுத்தாக்கும் எந்திரத்தைத் தாங்களே உருவாக்கினார்கள். தரவைப் பெருநிறுவனங்களுக்குக் கொடுக்க மறுத்து, காவல் பொறுப்பு என்று பொருள்படும் மாவோரிச் சொல்லின் பெயரிலேயே ஓர் உரிமத்தையும் எழுதிக்கொண்டார்கள். மக்கள் அவ்வளவு விரைவாகக் குரல் கொடுத்ததற்குக் காரணம் பரிசுத் தொகை மட்டுமாக இருந்திருக்காது. கேட்டவர்கள் தம் மக்கள் என்பதும் பல பத்தாண்டுகளாகக் கேட்டுப் பழகிய வானொலி என்பதும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் படி: ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் தாமே முதலாமவர் என்று எண்ணிக்கொள்வது வழக்கம். கனடாவில் பிறந்த மொழியியலாளர் எமனோ 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் கையால் எழுதியெடுத்தார்; அவர் திரட்டிய கோத்தர் கதைகள் 1940-களிலும், தோடர் பாடல்கள் 1971-லும் நூல்களாயின. கமில் சுவலபில் 1970-களில் இருளர் மொழியை விரிவாக ஆராய்ந்தார். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்காக 2013-இல் ஒரு தனித் திட்டத்தையே தொடங்கியது. உதகைக்கு அருகே பழங்குடியினர் ஆய்வு மையம் உள்ளது. இவற்றில் உள்ளவற்றை ஊரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட பொருளாகக் கருதி, முதலில் அவற்றின் படிகளை ஊருக்குக் கொண்டுவாருங்கள். தம் கொள்ளுத்தாத்தா சொன்ன கதை அச்சில் இருப்பதைக் காணும் ஓர் இளைஞர், அடுத்த நாளே உங்களோடு வேலைக்கு வந்துவிடுவார்.

மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2025-இல் தொடங்கிய ஆதி வாணி என்ற மொழிபெயர்ப்புச் செயலி சந்தாலி, பீலி, முண்டாரி, கோண்டி ஆகியவற்றோடு தொடங்கியது. இவை லட்சக்கணக்கானோர் பேசும் மொழிகள். ஆயிரம் பேர் பேசும் மொழிக்கு அத்தகைய செயலி மேலிருந்து வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மூன்றாம் படி: ஒலிப்பதிவு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற இயலும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். இன்றைய எந்திரம் பத்தாண்டில் பழையதாகிவிடும். நல்ல ஒலிப்பதிவு அடுத்த எந்திரத்துக்கும் அதற்கடுத்ததற்கும் பயன்படும். கெட்ட பதிவை எந்த எந்திரமும் முழுமையாக மீட்டுத் தராது. தோடர் மொழியின் உரசொலிகள் உயர் அதிர்வெண்களில் வாழ்பவை. ஒலியைச் சுருக்கிச் சேமித்தால் முதலில் அடிபடுபவை அவையே. ஆகவே வாட்ஸ்அப் குரல் செய்திகளை மூலப் பதிவாகக் கொள்ளாதீர்கள். சுருக்கப்படாத வேவ் வடிவில், நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்ற அளவில் பதிவுசெய்தால், ஒற்றைத் தடத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 520 எம்பி இடம் பிடிக்கும்; இன்றைய மெமரி கார்டு விலையில் இது ஒரு பொருட்டே அல்ல. கைக்கு அடக்கமான ரெக்கார்டரும், சட்டையில் செருகும் மைக்கும் போதும். நல்ல செல்போனில் மைக்கைப் பொருத்தியும் தொடங்கலாம். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும்.

மழையைப் பற்றி ஒரு சொல். தகரக் கூரையின் கீழ் நான் எடுத்த முதல் நாள் பதிவு முழுவதும் ஆலங்கட்டி போல ஒலிக்கிறது. பேசிய அம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, எந்திரத்துக்குக் கேட்கவில்லை. அடுப்பு, சேவல், குழந்தை ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் தேவையில்லை. மழை, மின்விசிறி, தொலைக்காட்சி மூன்றையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

எதைப் பதிவுசெய்வது என்பதில், சொற்பட்டியலோடு நின்றுவிடுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. "இதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டால், தமிழ் வாக்கியத்தின் வார்ப்பிலேயே பதில் வரும். அதைவிட, ஒரு தோடப் பெண்மணி துணியில் இழையெண்ணிப் பூவேலை செய்துகொண்டே அருகில் இருக்கும் மகளுக்குச் சொல்லித் தருவதையும், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு நடந்தபடியே ஒருவர் ஒவ்வோர் ஓடைக்கும் மேட்டுக்கும் பெயர் சொல்வதையும் பதிவுசெய்தால், சொற்கள் தாம் வாழும் இடத்திலேயே அகப்படும். பதிவு முடிந்ததும் இன்னொரு வேலை உண்டு. மொழி நன்கு தெரிந்த இளையவர் ஒருவரை அமர்த்தி, பதிவைச் சிறு துண்டுகளாகக் கேட்கச் செய்து, ஒவ்வொரு துண்டையும் அவர் நிதானமாகத் திருப்பிச் சொல்வதையும், அதன் பொருளைத் தமிழில் சொல்வதையும் தனித்தனியே பதிவுசெய்யுங்கள். எழுத்தே தேவைப்படாத இந்த முறையில், எழுதப் படிக்கத் தெரியாதவரும் முழு உரையாசிரியர் ஆகிறார். பின்னாளில் எழுதுவோருக்கும் எந்திரத்துக்கும் தெளிவான குரல் கிடைக்கிறது. அவருடைய நேரத்துக்கு அன்றாடக் கூலிக்குக் குறையாத தொகையைக் கொடுங்கள்.

அன்றிரவே கோப்புகளுக்குப் பெயரிட்டுவிடுங்கள். மொழி, ஊர், நாள், பேசியவருக்கான குறியெண் என்ற வரிசையில் பெயரிட்டு, பேசியவரின் வயது, பிறந்த ஊர், அறிந்த பிற மொழிகள், அனுமதி நிலை ஆகியவற்றைத் தனி அட்டவணையில் குறித்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள்.

நான்காம் படி: எழுத்து

எந்த எழுத்தில் எழுதுவது என்பது மொழியியல் கேள்வியாகத் தோன்றினாலும் ஊர்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ் எழுத்து என்பதால் பலர் அதையே விரும்புவார்கள். அப்படியானால் இருளர் மொழியின் நடுநாக்கு உயிரொலிகளுக்கும், தோடரின் மூன்று உருட்டொலிகளுக்கும் என்ன குறியிடுவது என்பதை முதல் மாதத்திலேயே முடிவுசெய்து ஒரு பக்க விதித்தாளாக எழுதிக்கொள்ளுங்கள். குறியில்லாமல் எழுதினால், இருவேறு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் விழும். அந்த வேறுபாட்டை எந்திரம் ஒருபோதும் கற்றுக்கொள்ளாது, ஏனெனில் அதற்கு நீங்கள் காட்டவே இல்லை. சந்தேகமுள்ள சொற்களுக்கு மட்டுமாவது எம்மொழி ஒலியையும் குறிக்க உதவும் அனைத்துலக ஒலிப்பெழுத்திலும் (ஐபிஏ) ஒரு வரி எழுதி வைப்பது நல்லது.

கணினி சார்ந்த ஒரு சிறு தொல்லையையும் சொல்ல வேண்டும். தமிழ் ஒருங்குறியில் "கொ" என்பதை, ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இட்டும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் இரண்டு குறியெண்களாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எந்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு. போதாததற்குத் துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டும் பழக்கமும் நம்மில் பலருக்கு உண்டு. பயிற்சிக்கு முன் எல்லாக் கோப்புகளையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சிறு நிரலை யாரிடமாவது எழுதி வாங்குங்கள். பெரிய மொழிக்கு இந்தப் பிழை கடலில் கரைந்த உப்பு. மூன்று மணி நேரத் தரவுள்ள மொழிக்கு அப்படியல்ல.

ஐந்தாம் படி: எந்திரம்

இவ்வளவு தூரம் வந்த பிறகே செயற்கை நுண்ணறிவுக்கு வேலை வருகிறது. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதி மொழிபெயர்த்து முடிக்கப் பல பத்து மணி நேரம் பிடிக்கும். எந்திரம் குறைக்க வேண்டியது இந்தச் சுமையைத்தான். எளியதிலிருந்து தொடங்குங்கள். பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டு பதிவைத் துண்டுகளாக்கும் இலவச நிரல்கள் உள்ளன. மொழி எதுவாயினும் அவை ஓரளவு சரியாக வேலை செய்யும். அந்தத் துண்டுகளை நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஈலான் மென்பொருளில் திறந்து, மேல் வரியில் மூலமொழியையும் கீழ் வரியில் தமிழ்ப் பொருளையும் எழுதுங்கள். இந்த முறையில் கையால் எழுதிய முதல் இரண்டு மூன்று மணி நேரமே உங்கள் முதலீடு.

அடுத்து எழுத்தாக்கும் எந்திரத்தைப் பழக்குதல். எந்திரங்கள் இரண்டு வகைப்படும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஓபன்ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் போன்றவை, ஒலியைக் கேட்பதோடு, முன்பு கற்ற எழுத்துகளின் பழக்கத்தால் அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்றும் ஊகித்து எழுதுபவை. தமிழுக்கு இது வரம். இருளர் மொழிக்கு இதுவே கேடு, ஏனெனில் அந்த ஊகம் முழுவதும் தமிழ் போன்ற பெருமொழிகளின் ஊகம். பேச்சே இல்லாத இடைவெளியிலும் அது வாக்கியம் எழுதிவிடுவதுண்டு. மெட்டா நிறுவனம் 2021-இல் 128 மொழிகளின் ஒலியைக் கேட்கச் செய்து வெளியிட்ட எக்ஸ்எல்எஸ்-ஆர், 2023-இல் 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரித்த எம்எம்எஸ் ஆகியவை மற்ற வகை: ஒலியின் ஒவ்வொரு துணுக்குக்கும் எழுத்தைத் தேடுபவை. இவை எழுதும் பக்கம் அலங்கோலமாக இருக்கும், சொற்கள் பிரியாமல் கிடக்கும். ஆனால் அந்த அலங்கோலம் பேசியவரின் ஒலிக்கு நெருக்கமானது. சிறுமொழிக்கு நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாம் வகையையே. எம்எம்எஸ் பெரும்பாலும் புதிய ஏற்பாட்டு வாசிப்புகளைக் கேட்டுப் பழகியது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுப்படிப் பேச்சு அதற்குப் புதிது.

இவற்றைத் தரவிறக்கி, ஊரின் தரவு வெளியே போகாமல், வரைகலைச் செயலி (ஜிபியு) பொருத்திய சொந்தக் கணினியிலேயே பழக்கலாம். நிரல் எழுதத் தெரிந்த ஒரு பொறியியல் மாணவர் போதும். இலவச இணையச் சேவைகளில் பதிவை ஏற்றினால், அது யார் கையில் எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு உங்களால் உறுதி தர முடியாது; நீங்கள்தான் ஊருக்கு உறுதி தந்தவர்.

பழக்கிய எந்திரம் எவ்வளவு தேறியது என்று அளக்க, அது ஒருமுறையும் கேட்டிராத பதிவுகளை முதலிலேயே எடுத்து ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் அது கேட்டிராத ஒருவரின் குரலாகவே இருக்கட்டும். ஒரே பாட்டியின் குரலில் பழக்கி அதே பாட்டியின் குரலில் சோதித்தால் நல்ல மதிப்பெண்தான் வரும், அதை நம்பி ஏமாறுவீர்கள். நூறு எழுத்துக்கு முப்பது பிழை என்றால் திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவது விரைவு. பத்துப் பதினைந்துக்கு வந்துவிட்டால் உண்மையிலேயே நேரம் மிச்சமாகும். திருத்தியதை மீண்டும் ஊட்டி மீண்டும் பழக்குங்கள். பாடல்களை இந்தச் சுழற்சியில் சேர்க்காதீர்கள். தோடர் பாட்டின் மொழி பேச்சு மொழியே அல்ல, இணை இணையாக வரும் வாய்பாட்டுத் தொடர்களால் ஆனது. அதைப் பாடத் தெரிந்தவரோடு உட்கார்ந்து கையால்தான் எழுத வேண்டும்.

ஆறாம் படி: உரையாடும் எந்திரத்திடம் எதைக் கேட்கலாம்

கேள்வி கேட்டால் பதில் எழுதும் பெருமொழி மாதிரிகளிடம், "கோத்தர் மொழியில் ஒரு கதை சொல்" என்று கேட்காதீர்கள். அது தயங்காமல் சொல்லும். அது கோத்தர் மொழியாக இராது. இந்தோனேசியாவின் பப்புவாவில் 200 பேருக்கும் குறைவானோர் பேசும் கலமாங் மொழியின் இலக்கண நூலையும் சொற்பட்டியலையும் கொடுத்து மொழிபெயர்க்கச் செய்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், எந்திரம் ஓரளவு செய்தது. அதே நூலைப் படித்த மனிதர் அதைவிட நன்றாகச் செய்தார். அதாவது நல்ல நூல் இருந்தால் உதவும், இல்லையெனில் புனையும். ஆகவே வெளியாருக்குத் திறந்துவிட ஊர் சம்மதித்த எழுத்துப்படிகளை மட்டும் கொடுத்து, ஒரே சொல் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறது என்று தேடச் சொல்லலாம். அகராதிப் பதிவுகளை வரிசைப்படுத்தச் சொல்லலாம். தமிழ்ப் பொருளுரையைக் கொண்டு தலைப்பு வாரியாகப் பிரிக்கச் சொல்லலாம். ஊர்க்காரர் ஒருவர் வாயால் சொல்லாத எந்தச் சொல்லும் அகராதிக்குள் நுழையக் கூடாது என்ற விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். எந்திரம் புனைந்த வாக்கியம் ஒன்று இணையத்தில் ஏறிவிட்டால், அடுத்த எந்திரம் அதைக் கற்று அதையே மொழி என்று சொல்லும். ஆயிரம் பேர் பேசும் மொழியில் அதை மறுத்துரைக்க இணையத்தில் ஆள் இருப்பதில்லை.

மறைந்த முதியவரின் குரலில் புதிய வாக்கியங்களைப் பேசவைக்கும் வசதியும் வந்துவிட்டது. குடும்பமே கேட்டால் தவிர அதைத் தொடாமல் இருப்பதே என் வழக்கம்.

ஏழாம் படி: திருப்பிக் கொடுத்தல்

முதல் ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒன்று ஊருக்குத் திரும்பி வர வேண்டும். சொல்லைத் தொட்டால் பாட்டியின் குரல் கேட்கும் சிறிய பேசும் அகராதியாக இருக்கலாம். ஒலிப்பதிவுகளை மட்டும் ஏற்றிய மெமரி கார்டாகவும் இருக்கலாம். சமிக்ஞை எட்டாத குடியிருப்புகள் இன்னும் உண்டு என்பதால், இணையமின்றி இயங்குவதே முதல் தகுதி. நீண்ட காலப் பாதுகாப்புக்கு, அணுகல் நிலைகளை மதிக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றில் ஒரு படி இருப்பது நல்லது. அழிந்துவரும் மொழிகளுக்கென இப்போது பெர்லினிலிருந்து இயங்கும் எலார் அத்தகையது.

இறுதியாக ஒரு பேரேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்திரத்தின் எந்தப் பதிப்பு எந்தெந்த ஒலிப்பதிவுகளைக் கொண்டு பழக்கப்பட்டது என்பதை அதில் நாளோடு எழுதி வையுங்கள். ஒருவர் தம் குரலைத் திரும்பப் பெற விரும்பினால், கோப்பை அழிப்பதோடு வேலை முடியாது. அவர் குரல் கலந்த பதிப்பை விலக்கிவிட்டு, அது இல்லாமல் மீண்டும் பழக்க வேண்டும். அந்தப் பேரேட்டின் ஒரு படியை ஊரில் ஒருவரிடம் கொடுத்து, அதை வாசிக்கும் முறையையும் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு இறங்கி வாருங்கள்.